கிளட்ச் கனமா இருக்கு

பம்பு கம்பெனியில் இரும்பு கடையும் லேத் ஓட்டும் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மில்லிமீட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். டீ டம்ளரைக்கூட அளந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார் என்று கேலி. அவருக்கு அதில் கோபம் கிடையாது, உள்ளூரப் பெருமைதான். அப்படிப்பட்ட மனிதர் வாழ்க்கையில் ஒரே ஒரு விஷயத்தில்தான் கணக்குப் பார்க்காமல் இருந்தார். அது அவருடைய தம்பி.

தம்பிக்குக் கார் பைத்தியம். விபத்தில் நசுங்கி, இன்ஷூரன்ஸ்காரர்கள் கைகழுவி, பழைய இரும்புக் கடையில் மழையில் நனைந்துகொண்டு கிடந்த ஒரு ஸ்போர்ட்ஸ் காரை அடிமாட்டு விலைக்கு வாங்கிக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். இரண்டு கதவு, இரண்டே சீட்டு. சிவப்பு வெளுத்து ரோஸ் ஆகியிருந்தது. தம்பியின் மனைவி வாசலில் நின்று இப்படியும் அப்படியும் பார்த்தாள். "இதுக்கு ஒரு சோபா வாங்கியிருந்தா நாலு பேர் உட்காரவாவது ஆகியிருக்கும் மாமா," என்று மூத்தவரிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். சொல்லிவிட்டாளே தவிர, அன்றைக்குச் சாயங்காலமே பழைய புடவை ஒன்றைக் கிழித்துக் காரைத் துடைக்கக் கொடுத்ததும் அவள்தான்.

தம்பி கூரியர் வேன் ஓட்டுகிறான். வருஷம் முழுக்க ஊரார் பார்சலைச் சுமக்கிறவனுக்குத் தனக்காக ஓட்டுவதற்கு என்று ஒரே ஒரு நாள் உண்டு. அது மலைப்பாதைப் பந்தயம். சாலையை அடைத்துவிட்டு ஒவ்வொரு காராக மேலே விடுவார்கள், கடிகாரத்தோடுதான் போட்டி. போன வருஷம் கடைசிக்கு முந்தின இடத்தில் வந்தான். கடைசியாக வந்தவனுடைய கார் பாதி வழியில் புகைந்து நின்றுவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். இந்த வருஷமாவது தலை நிமிர்ந்து இறங்கி வர வேண்டும் என்று தம்பிக்கு வெறி. அப்பாவும் அம்மாவும் போனபின் அவனைத் தூக்கி வளர்த்த அண்ணனுக்கு, தனக்கென்று ஒரு கல்யாணம்கூடப் பண்ணிக்கொள்ளாத அந்த மனிதருக்கு, தம்பியின் வெறியைத் தவிர வேறு வெறி ஏது?

கையில் இருந்ததோ சொற்பம். அதனால் சண்டை முழுக்க எதை முதலில் மாற்றுவது என்பதில்தான். கார் நின்ற கொட்டகையின் சுவரில் சாக்பீஸால் எழுதி, அழித்து, மறுபடி எழுதிச் சுவரே வெளுத்துப்போயிற்று.

"முதல்ல இன்ஜினுக்கு வேகம் கூட்ட டர்போ போட்டுடுவோம் அண்ணே. மத்ததெல்லாம் தானா வரும்."

"என்ன வரும்? நேரா பள்ளத்துக்குத்தான் வரும். முதல்ல பிரேக், அப்புறம் டயர், அப்புறம் சஸ்பென்ஷன். மிச்சம் மீதி இருந்தா இன்ஜின் பக்கம் போவோம்."

"வண்டி ஓடுறதைத்தான் எல்லாரும் பார்ப்பாங்க. நிக்கிறதை யாரு பார்க்கப் போறா?"

"நான் பார்ப்பேன்டா."

பிரேக் விஷயத்தில் அண்ணன் ஜெயித்தார். அடுத்து டயர் வாங்கவேண்டிய நேரத்தில், பந்தயத்தை விட்டு ஒதுங்கிய ஒருவர் தன்னுடைய பழைய டர்போவைச் சல்லிசாகத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்று சேதி வந்தது. தம்பி வாயைத் திறந்து கேட்கக்கூட இல்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு நாள் சுற்றி வந்தான், அவ்வளவுதான். அண்ணன் உருகிவிட்டார். டர்போ வந்தது. வந்ததும் பழைய கிளட்ச்சால் அந்த வேகத்தைப் பிடித்துச் சக்கரத்துக்குக் கடத்த முடியவில்லை. இன்ஜின் தொண்டை கிழியக் கத்துகிறது, வண்டி நத்தை மாதிரி நகர்கிறது. டயருக்கு என்று ஒதுக்கிய பணத்தில் அண்ணன் ஒரு பந்தயக் கிளட்ச் வாங்கிப் போட்டார். பிடிப்பு உடும்புப் பிடியாக இருந்தால் பெடலும் கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி.

அதனால் தம்பி முதல் தடவை காரிலிருந்து இறங்கி, "கிளட்ச் கனமா இருக்கு அண்ணே," என்றபோது அவர் சிரித்தார்.

"பந்தயக் கிளட்ச் பின்ன பஞ்சு மாதிரியா இருக்கும்? பழகிக்கோ."

தம்பி பழகவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அதையேதான் சொன்னான். கியர் மாற்றும்போது பல்சக்கரம் நறநறத்தது. மூத்தவருக்கு அந்தச் சத்தம் தன் பல்லையே யாரோ அரத்தால் ராவுவதுபோல இருந்தது. வேலையில்தான் ஏதோ குறை என்று முடிவு கட்டினார். கிளட்ச் ஆயிலை வடித்து, குழாயில் காற்று தங்காமல் மறுபடி நிரப்பினார். கனம். லேத்தில் நின்று பெடலுக்கு நீளமான தண்டு ஒன்றைக் கடைந்து மாட்டினார். கனம். கிளட்ச் சிலிண்டரையே மாற்றினார். அதுவும் கனம் என்றான் தம்பி. டயர் வாங்குவதற்கு இனி ஒன்றும் மிச்சமில்லை. பந்தயமோ நெருங்கிக்கொண்டே வந்தது.

அன்றைக்கு மூத்தவருக்குப் பொறுமை போய்விட்டது.

"நானும் மாடு மாதிரி உழைச்சு எல்லாத்தையும் மாத்திட்டேன். இன்னும் கனம் கனம்னா என்ன அர்த்தம்? மலையேற பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லு. அதை விட்டுட்டு என் வேலையில குறை சொல்லாதே."

தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். போகும்போது இடது கால் செருப்பு கழன்று விழுந்தது. அவன் அதைத் திரும்பிப் பார்க்காமலே உள்ளே போனான். "செருப்பைக்கூட ஒழுங்காப் போடத் தெரியலை, இவன் கார் ஓட்டப் போறான்," என்று மூத்தவர் முணுமுணுத்தார்.

திட்டியபின் மனசு கேட்குமா? கேட்கவில்லை. சனிக்கிழமை கம்பெனியிலிருந்து ஸ்பிரிங் தராசு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, பெடலில் மாட்டி இழுத்துப் பார்த்தார். முள் காட்டிய கனம் தம்பி தினமும் ஓட்டுகிற வேனின் பெடலைவிடக் குறைவு. வேனும் வாசலில்தான் நின்றது, அதையும் அளந்துதான் பார்த்தார். வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே புரிந்திருக்கும். மில்லிமீட்டருக்குப் புரியவில்லை. தம்பி கனம் என்கிறான், தராசு லேசு என்கிறது. அப்படியானால் தராசு பொய் சொல்கிறது என்று நினைத்தார். படிக்கற்களைத் தொங்கவிட்டுத் தராசையே சோதித்தார். தராசு நூல் பிசகாமல் சரியாக இருந்தது. தன் காலால் அமுக்கிப் பார்த்தார், லேசாகத்தான் இருந்தது. ஆனால் தன் கால் வருஷக்கணக்காக நின்று நின்று உரமேறிய கால், அதை நம்பக்கூடாது என்று அதையும் தள்ளிவைத்தார்.

துணி உலர்த்திக்கொண்டிருந்த தம்பி மனைவியைக் கூப்பிட்டார்.

"இங்க வாம்மா. இதுல உட்கார்ந்து இடது கால்ல இந்தப் பெடலை அமுக்கு."

"எனக்கு ஓட்டத் தெரியாதே மாமா."

"ஓட்ட வேணாம். அமுக்கு, போதும்."

ஊதினால் பறந்துவிடும் உடம்பு அவளுக்கு. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தாள். ரப்பர் செருப்போடு பெடலை அடிவரை அமுக்கினாள்.

"இவ்வளவுதானா? இதுக்கா ஒரு மாசமா அண்ணனும் தம்பியும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருக்கீங்க?"

கொட்டகை வாசலில் தம்பி நின்றுகொண்டிருந்தான். எப்போது வந்தான் என்று இருவருக்கும் தெரியாது.

"இன்னொரு தடவை அமுக்கு," என்றான்.

அவள் அமுக்கினாள். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் காலை எடுத்துக்கொண்டாள், சூடு பட்டதுபோல.

"அப்போ கிளட்ச் இல்லை அண்ணே," என்றான் தம்பி.

மூத்தவர் அவன் காலைப் பார்த்தார். "எத்தனை நாளாடா?"

"தெரியலை. வேன்ல முட்டியைக் கையால அழுத்தித்தான் கிளட்ச் போடுறேன். வேன் பழசு, அதான் கனம்னு நினைச்சேன். உங்க கைபட்டா சரியாயிடும், நம்ம காராவது லேசா இருக்கும்னு பார்த்தேன்."

பயமா என்று கேட்ட வாயை அறுத்துப் போடலாம் போலிருந்தது அவருக்கு. அன்றைக்குச் செருப்பு கழன்றதற்கு முணுமுணுத்ததும் நினைவுக்கு வந்தது. அவர் தம்பியின் அருகில் போய், சின்ன வயதில் செய்ததுபோல, அவன் இடது கெண்டைக்காலை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். வலது காலையும் பிடித்தார். அளவெடுக்கக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. இடது கால் பாதியாக இளைத்திருந்தது.

ஆஸ்பத்திரியில் ஊசி குத்திப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், மறுபடி வரச் சொன்னார்கள். கடைசியில் நரம்பு டாக்டர் உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார். நரம்பு அனுப்புகிற சேதி தசைக்குப் போய்ச் சேருவதில்லை. போனது திரும்பாது. இது காலோடும் நிற்காது. மருந்து நோயைக் கொஞ்சம் மெதுவாக்கும், அவ்வளவுதான். தம்பி மனைவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். தம்பி மட்டும், "பந்தயம் அடுத்த மாசம் சார்," என்றான். டாக்டருக்கு ஒன்றும் புரியாமல், என்ன பந்தயம் என்று கேட்டார்.

வேன் வேலை போயிற்று. காரை விற்றுவிடலாமா என்று மூத்தவர் ஒரு தடவை வாயெடுத்தார். தம்பி அந்தப் பேச்சையே காதில் போட்டுக்கொள்ளவில்லை. கொட்டகைச் சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, எழுதியிருந்ததை எல்லாம் ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் புதிதாக ஆரம்பித்தான்.

"ஆட்டோமேட்டிக் கியர் நமக்குக் கட்டுப்படியாகாது அண்ணே. ஆனா கிளட்ச்சைக் கைக்குக் கொண்டுவந்துடலாம். கியர் கம்பிலயே ஒரு கைப்பிடி. இடது கையால இழுத்தா கிளட்ச் அமுங்கும், விட்டா பிடிச்சுக்கும். செலவு கம்மி. உங்க லேத்துலயே முடிஞ்சிடும்."

மூத்தவர் அளவெடுத்தார். சாப்பாட்டு நேரத்தில்கூட லேத்தை விட்டு நகரவில்லை. வாழ்நாளில் அவர் கடைந்ததிலேயே நேர்த்தியான சாமான் அதுதான். கைப்பிடியைத் தம்பியின் உள்ளங்கைக்கு ஏற்றபடி உருட்டி, ராவி, பட்டுப்போல ஆக்கினார். மாட்டி முடித்துத் தன் சுண்டுவிரலால் இழுத்துப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பியை அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்து சீட்டில் உட்கார வைத்தார். தம்பி மனைவி கொட்டகைக்கு வரவில்லை, அடுப்படியிலேயே இருந்துவிட்டாள்.

தம்பி கைப்பிடியைப் பிடித்தான். விரல்கள் சுற்றிக்கொண்டன, கட்டைவிரல் மட்டும் மடங்காமல் வெளியே நின்றது. இழுத்தான். கைப்பிடி பாதி தூரம் வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி இழுத்தான். இந்தத் தடவை பாதிகூட வரவில்லை. இரண்டு பேரும் அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஸ்பிரிங் கொஞ்சம் டைட்டா இருக்குடா," என்றார் மூத்தவர். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. "தளர்த்தித் தரேன் இரு."

தம்பி அவரை நிமிர்ந்து பார்த்தான்.

"ஆமா அண்ணே. ஸ்பிரிங்தான்."

அவர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்தார். நட்டு ஏற்கெனவே கடைசி மரைவரை தளர்ந்துதான் இருந்தது. அதற்குமேல் தளர்த்த ஒன்றும் இல்லை. ஸ்பானரை வெறுமனே திருப்பிக்கொண்டே இருந்தார். சத்தம் வர வேண்டும் என்பதற்காக இரண்டு தடவை இரும்பில் தட்டவும் தட்டினார்.

"இப்போ பரவாயில்லை அண்ணே," என்றான் தம்பி மேலேயிருந்து. "இப்போ நல்லா லேசாயிடுச்சு."

அவர் குனிந்தபடியே திரும்பிப் பார்த்தார். அவன் கை கைப்பிடியில் இல்லை, மடியில் கிடந்தது.