மூக்கு குனிந்த நாலாவது தோட்டா

எனக்குக் கோபம் சட்டென்று வரும். பதினோரு வருஷமாக டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன், வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் பிஸ்டலைக் கையில் எடுத்துவிட்டால் நான் வேறு ஆள். மூச்சுகூட என்னைக் கேட்டுவிட்டுத்தான் வெளியே போகும். அப்பேர்ப்பட்ட என்னையே அன்றைக்குச் சுடும் கோட்டில் நின்றபடி பல்லை நறநறவென்று கடிக்க வைத்தார் என் வீட்டுக்காரர்.

அது அணிக்கான தேர்வுப் போட்டி. இருபத்தைந்து மீட்டர் தூரம், சுற்றுக்கு ஐந்து தோட்டா. அணியில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு இடம். மூன்று வருஷமாக நான் மாற்று ஆளாகவே போய்வந்தேன். மாற்று ஆள் என்றால் பை தூக்கலாம், அடுத்தவர் மேகஸினில் தோட்டா நிரப்பிக் கொடுக்கலாம், கை வலிக்கக் கை தட்டலாம். சுட மட்டும் முடியாது. எனக்கு நாற்பத்து நாலு வயசு. இந்தத் தடவையும் விட்டால் அடுத்த வருஷம் மாற்று ஆளாகக்கூட யாரும் கூப்பிட மாட்டார்கள்.

அந்த இடத்துக்கு என்னோடு மோதியவள் என் ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி. ஒரே வீடு, ஒரே அடுப்பு. மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். சீட்டை மூன்று தடவை படித்துவிட்டுத்தான் மாத்திரை அட்டையைத் தொடுவாள், அப்படி ஒரு கவனம்.

காலையில் காரில் வரும்போது என் வீட்டுக்காரர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். அப்போது அது குண்டு என்று தெரியவில்லை.

"நேத்து சாயங்காலம் உங்க ரெண்டு பேர் மேகஸினையும் கழட்டி, தொடச்சு, எண்ணெய் போட்டு வெச்சிருக்கேன். எப்படி?"

அவர் தையல் மெஷின் ரிப்பேர் பார்ப்பவர். ஸ்பிரிங் என்றால் தன்னைக் கேட்காமல் உலகத்தில் ஒன்றும் அசையாது என்று நினைப்பு. நானும் உச்சி குளிர்ந்துபோய், "பரவாயில்லையே!" என்றேன். பின் சீட்டில் இருந்த ஓரகத்தி தன் பையை மடிமேல் இழுத்து வைத்துக்கொண்டாள். மைதானம் வந்ததும் பையோடு ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டாள். பாவம், படபடப்பு போலிருக்கிறது என்று நினைத்தேன்.

கடைசி இரண்டு சுற்று பாக்கி. அவள் என்னைவிட ஒரே ஒரு புள்ளி முன்னால் இருந்தாள். கட்டளை வந்தது. சுட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றும் நடுவில்! நாலாவதற்கு விசையை இழுத்தேன். செத்துக் கிடந்தது.

துப்பாக்கியை முன்னால் பார்த்தபடியே வைத்துக்கொண்டு இடது கையைத் தூக்கினேன். நடுவர் வந்து எட்டிப் பார்த்தார்.

"தோட்டா மாட்டிக்கிச்சு. இந்தச் சுற்ற மறுபடி சுடலாம். ஆனா இந்தச் சலுகை ஒரே தடவதான். அடுத்தும் மாட்டினா, சுடாத தோட்டாவுக்கெல்லாம் பூஜ்யம். நாலு நிமிஷம் தரேன்."

மேகஸினை உருவிப் பார்த்தேன். மேலே இருந்த தோட்டா மூக்கு கீழே குனிந்து நின்றது. ஐயோ!

மேகஸின் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒரு தகரக் கூடு. உள்ளே மடிந்து மடிந்து ஏறும் ஸ்பிரிங். அதன் தலையில் ஒரு பிளாஸ்டிக் மேடை, மேடைமேல் தோட்டாக்கள். ஒன்று வெடித்ததும் துப்பாக்கிக்குள் போல்ட் என்கிற இரும்புத் துண்டு பின்னால் ஓடும். அது திரும்பி வருவதற்குள், கண்ணை மூடித் திறக்கும் நேரத்தில், ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை மேலே தள்ளிவிட வேண்டும். கூட்டின் இரண்டு உதடுகளும் அதைப் பிடித்து நிறுத்தும். முன்னால் வரும் போல்ட் அதை உதட்டிலிருந்து உருவிக் குழலுக்குள் செருகும். அந்த நேரம் தோட்டாவின் மூக்கு நிமிர்ந்திருக்க வேண்டும். குனிந்திருந்தால் குழல் வாயின் கீழ் விளிம்பில் முட்டிக்கொண்டு நிற்கும்.

கொண்டை ஊசியால் அடித்தகட்டை நெம்பினேன். ஸ்பிரிங் வெளியே வந்தது. மேல் வளையம் முன்பக்கம் உயர்ந்து நிற்க வேண்டும். மனுஷன் அதை முன்னுக்குப் பின்னாக மாட்டியிருந்தார்! திருப்பிப் போட்ட ஸ்பிரிங்கும் சில நேரம் வேலை செய்யும், அதுதான் அதனிடம் உள்ள கெட்ட குணம். மூன்று நாலு தோட்டா மேலே இருந்து அமுக்கும்வரை முறுக்காக நிற்கும். கடைசி இரண்டு தோட்டாவில் தளர்ந்து, மூக்கைத் தொங்கப் போட்டுவிடும்.

பார்வையாளர் வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் பிளாஸ்கைத் தூக்கிக் காட்டி, கட்டைவிரலை உயர்த்திச் சிரித்தார். கையில் பிஸ்டல் இல்லாத நேரம், தப்பித்தார்.

என் இரண்டு மேகஸினிலும் ஸ்பிரிங்கைத் திருப்பி மாட்டினேன். இன்னும் இரண்டு நிமிஷம் இருந்தது. அப்போதுதான் உறைத்தது. அவளுடையதையும் இவர்தானே கழற்றினார்! இதுவரை அவளுக்குத் தோட்டா மாட்டவில்லை, கடைசிச் சுற்றில் மாட்டலாம். நான் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். மூன்று வருஷம் பை தூக்கியதற்கு இது கிடைக்கட்டுமே என்று நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், அரை நிமிஷம் அப்படியேதான் நின்றேன். பிறகு தாங்கவில்லை.

"ஏய்! உன் ஸ்பிரிங்கும் திரும்பித்தாண்டி இருக்கும். கழட்டிப் பாரு, நேரம் இருக்கு!"

"யாரு கோட்டுல பேசுறது?" என்று நடுவர் கத்தினார். "இது எச்சரிக்கை. இன்னொரு வார்த்த பேசினா ரெண்டு புள்ளி போயிடும்."

ஓரகத்தி என் பக்கம் திரும்பவில்லை. காது மட்டும் சிவந்தது. உதடு அசையாமல் சொன்னாள்.

"தெரியும்க்கா. காலையிலயே மாத்திட்டேன்."

உள்ளங்கால் முதல் உச்சி வரை பற்றிக்கொண்டு எரிந்தது. தெரியுமாம்! மூலையில் உட்கார்ந்து தன்னுடையதை மட்டும் திருப்பிக்கொண்டு, என் பக்கத்தில் வந்து நின்று, "நல்லா சுடுக்கா" என்று வேறு சொல்லியிருக்கிறாள். எனக்கு வாயில் வந்ததையெல்லாம் கேட்க நடுவர் விடவில்லை. அத்தனையையும் விழுங்கினேன். விழுங்கியதும் கை ஏனோ கல்லாக நின்றது.

மறுபடி சுட்ட சுற்றில் நாற்பத்தெட்டு. அவளும் அந்தச் சுற்றில் அதேதான் எடுத்திருந்தாள். இன்னும் ஒரு புள்ளி பின்னால்தான்.

கடைசிச் சுற்றில் இருவரும் சேர்ந்து சுட்டோம். ஒன்று, பத்து. இரண்டு, பத்து. மூன்று, ஒன்பது. நாலாவது! எழுந்திரு, மூக்கைத் தூக்கு என்று மனசுக்குள் கெஞ்சினேன். உதட்டைத் தாண்டி வழுக்கிக்கொண்டு குழலுக்குள் போய் விழுந்த சத்தம் அந்த இரைச்சலிலும் எனக்குக் கேட்டது. பத்து! ஐந்தாவதும் பத்து! எனக்கு நாற்பத்தொன்பது. அவளுக்கு நாற்பத்தேழு. அவளுடைய கடைசித் தோட்டா ஏழில் போய் விழுந்தது.

ஒரு புள்ளியில் அணிக்குள் நான்! கோட்டைவிட்டு வெளியே வந்து சின்னப்பிள்ளை மாதிரி குதித்தேன். வீட்டுக்காரர் ஓடி வந்தார்.

"பாத்தியா! எல்லாம் நான் போட்ட எண்ணெய்!"

"இனிமே என் மேகஸின் பக்கம் வந்தீங்க, கைய ஒடிச்சிருவேன்."

நடுவர் பட்டியலைப் படித்தார். அணிக்கு நான், மாற்று ஆள் என் ஓரகத்தி. அதாவது, இனி என் மேகஸினில் தோட்டா நிரப்பித் தரவேண்டியவள் அவள்தான்.

பைகளைக் கட்டும்போது பக்கத்தில் வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"வாய் வரைக்கும் வந்துச்சுக்கா. ஒரே ஒரு இடம்தானேன்னு முழுங்கிட்டேன். நீ ஏன் எனக்குச் சொன்னே?"

"சொல்லாம ஜெயிச்சா நாளைக்கு உன் மூஞ்சில எப்படிடி முழிக்கிறது? ஒரே அடுப்பு."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குக் கோபம் முழுசாக ஆறவில்லை, பொய் சொல்ல மாட்டேன். இருந்தாலும் என் இரண்டு மேகஸினையும் எடுத்து அவள் கையில் வைத்தேன்.

"தொடச்சு மாட்டிக் குடு."

அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். கழற்றினாள், துடைத்தாள், வளையத்தை விரலால் மூன்று தடவை தடவிப் பார்த்து மாட்டினாள். மூடாமல் என்னிடம் நீட்டினாள்.

"பாத்துக்கக்கா."

பார்க்கச் சொல்லி என் கண் துடித்தது. பார்க்காமலேயே மூடிப் பைக்குள் போட்டேன்.