ஹாஃபிஸா கேட்ட பெல்ட்

ஷார்ஜாவில் பயணப்பைகள் தைக்கும் ஜாஃபர் சாதிக், விடுப்பில் பட்டுக்கோட்டைக்கு வந்ததுமே மனைவி ஹாஃபிஸாவின் கழுத்தில் சிவந்திருந்த தடத்தைக் கவனித்துவிட்டான். இரண்டு வருஷத்துக்கு முன் அவன் வாங்கித் தந்த கேமராவின் பெல்ட் அறுத்த தடம் அது. கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கம் படமெடுக்க அவளை விட்டால் ஆள் கிடையாது. நெல் அறுப்பு முடிந்து கல்யாணங்கள் தொடங்கிவிட்டால் குத்தாலத்திலிருந்துகூட ஆள் அனுப்புவார்கள்.

"வேற பெல்ட் தைச்சுத் தர்றேன். எப்படி வேணும், சொல்லு."

"படம் எடுக்கறப்ப கேமரா ஆடாம உடம்போட இறுக்கிப் புடிச்சிருக்கணும். எடுக்காதப்ப மாட்டியிருக்கறதே தெரியக் கூடாது. குனிஞ்சு நம்ம புள்ளையத் தூக்குனா அவ மண்டையில இடிக்கவும் கூடாது."

"இறுக்கமாவும் இருக்கணும், தொளதொளன்னும் இருக்கணும். ரெண்டையும் ஒரே பெல்ட்டுல கேக்கிறியே?"

"முடியாதுன்னா விட்டுடுங்க, மச்சான்."

அந்த ஒரு வார்த்தை அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. முதலில் பஞ்சு வைத்துத் தைத்தான். கழுத்துக்கு இதமாக இருந்தது. ஆனால் கேமரா ஊஞ்சலாடிக் குழந்தையின் தலையைப் பதம் பார்த்தது. அடுத்து எலாஸ்டிக் கொடுத்தான். ஹாஃபிஸா நாலடி நடந்ததும் கேமரா வயிற்றில் குதித்தது. அவள் சிரிப்பு தாங்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவனும்தான் சிரித்தான்.

கடைசியில் தன் புதுப் பெட்டியின் பெல்ட்டையே அறுத்து, இரும்பு வளையம் கோத்து, தோளுக்குக் குறுக்காக மாட்டிவிட்டான். நுனியை இழுத்தால் கேமரா நெஞ்சோடு ஒட்டும். விட்டால் வழுக்கிக்கொண்டு இடுப்புக்குப் பின்னால் போய் முந்தானைக்குள் மறைந்துகொள்ளும்.

அவள் அந்தப் பெல்ட்டோடு படமெடுக்கப் போன மூஸா வீட்டு நிக்காஹில், ஆண்கள் பந்தியில் உட்கார்ந்திருந்தவனுக்கு, திரைக்கு அந்தப் பக்கமிருந்து 'சரக் சரக்' என்று வளையம் உரசும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிரியாணி இறங்கவில்லை. இத்தனை செய்தும் ஒரு குறை வைத்துவிட்டோமே என்று கூசிப்போனான்.

மறுநாள் காலை நூல்கண்டோடு வந்து உட்கார்ந்தான். "கொடு, வளையத்துல நூல் சுத்திடுறேன். சத்தம் வராது."

"வேணாம், அப்படியே இருக்கட்டும்," என்று பெல்ட்டை இழுத்துக்கொண்டாள் ஹாஃபிஸா. "சைத்தூன் மாமி இருக்காங்கல்ல, என் கேமராவப் பாத்தாலே அடுப்படிக்குள்ள போயிடுவாங்க. தெரியாம எடுத்துடுவேன்னு பயம். நேத்து அந்தச் சத்தம் கேட்டதும், எடுக்கப் போறேன்னு தெரிஞ்சு முக்காட்டச் சரி பண்ணிக்கிட்டு நின்னுட்டாங்க. சிரிச்சாங்க வேற."

"எப்படிச் சிரிச்சாங்க?"

ஹாஃபிஸா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டு, உதட்டை உள்மடித்து, பொக்கை வாயாய்ச் சிரித்துக் காட்டினாள். ஜாஃபர் நூல்கண்டைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு தடவை செய்யச் சொன்னான்.