பேசினுக்குப் பக்கத்தில் ஒரு தலை

கிண்ணியாவில் பஹ்மியா என்றொரு பெண். வயது முப்பத்தைந்து. அவள் என்ன வேலை செய்கிறாள் என்று அந்தத் தெருவில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. "லெப்டொப்பில கட்டம் கீறுறா" என்று அவளுடைய கணவன் பாயிஸ் தன் ஓட்டோவில் ஏறுகிறவர்களிடம் சொல்வான். அது பொய்யுமில்லை.

விளங்குகிற மாதிரிச் சொல்கிறேன், கேளுங்கள் பிள்ளைகளே. ஒரு குழந்தைக்கு நாம் இது காகம், இது ஆடு என்று விரல் நீட்டிக் காட்டுகிறோம் அல்லவா? செயற்கை நுண்ணறிவுக்கும் யாராவது அப்படிக் காட்டத்தான் வேண்டும். ஆயிரம் காகத்தைக் கட்டம் கீறிக் காட்டினால்தான் அடுத்த காகத்தை அது தானாகக் கண்டுபிடிக்கும். அப்படிக் காட்டுகிறவர்கள் உலகம் முழுக்க வீடுகளில் இருக்கிறார்கள். யாரும் வேலை கொடுக்கிற நிறுவனத்தின் ஆட்கள் இல்லை. வேலை வந்தால் செய்வார்கள். வராத நாளில் திரையைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவார்கள்.

பஹ்மியாவை இந்த வேலைக்குள் கொண்டுவந்தவள் உப்புவெளிச் சுதர்ஷிகா. டவுனில் கணினி வகுப்பில் பழக்கமான சிநேகிதி. முதலில் கடை ரசீதுகள் வந்தன. பிறகு மாம்பழம், வீதி விளக்கு, நாய், பூனை. நான்கு வருடம். ஒவ்வொரு வேலைக்கும் புள்ளி போடுவார்கள். நூற்றுக்குத் தொண்ணூறுக்குக் கீழே இறங்கினால் கணக்கை மூடிவிடுவார்கள். பஹ்மியாவுக்குத் தொண்ணூற்றேழு. அந்த மாதக் கடைசிவரை தொண்ணூற்றைந்துக்குக் குறையாமல் வைத்திருந்தால், மற்றவர்களின் வேலையைச் சரிபார்க்கிற இடத்துக்கு அவளை எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். மாதா மாதம் தவறாமல் வேலை. இன்றைக்கு வருமா, நாளைக்கு வருமா என்ற பதைப்பு இல்லை. அதற்காக அவள் நோன்பு மாதிரிக் காத்திருந்தாள்.

அப்போதுதான் கடல் வேலை வந்தது. எந்த நாட்டுக் கடலோ தெரியாது. ட்ரோன் ஒன்று மேலே பறந்து எடுத்த படங்கள். நீரின்மேல் தெரிவதையெல்லாம் கட்டத்துக்குள் அடைத்து, படகு, மிதவை, பறவை, குப்பை, மனிதர் என்ற ஐந்தில் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும். ஆள் இல்லாமல் தானாக ஓடுகிற படகுகளுக்குக் கண் செய்கிறார்கள் என்று விதிப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருந்தது. மிதவையைக் கண்டால் படகு கொஞ்சம் விலகிப் போகும். மனிதரைக் கண்டால் இயந்திரத்தை நிறுத்தும்.

விதி பதினான்கு இப்படி: உருண்டையாக, நிறமாக, ஒரே இடத்தில் நிற்பது மிதவை. அதை ஒட்டித் தெரியும் கறுப்புப் புள்ளி அதன் கயிறு அல்லது நிழல். இரண்டையும் ஒரே கட்டத்துக்குள் அடக்கவும்.

பஹ்மியா அடக்கினாள். இரண்டு கிழமையில் அறுநூற்றுப் பன்னிரண்டு படங்கள். புள்ளி தொண்ணூற்றேழிலேயே நின்றது.

ஒரு வியாழக்கிழமை பகல், லெப்டொப்புக்குச் சார்ஜர் வாங்க பாயிஸின் ஓட்டோவில் டவுனுக்குப் புறப்பட்டாள். கிண்ணியாப் பாலத்தில் ஏறியதும் பாயிஸ் வேகத்தைக் குறைத்தான்.

"ஒண்ட ராத்தா நிக்கிறா பாரு. இண்டைக்கு மட்டிக் கறிதான்."

ராத்தா என்றால் அக்கா. பஹ்மியாவின் ராத்தா றுக்கியா, பக்கத்து வளவில் இருப்பவள். பாலத்தின் கீழே விரிந்த களப்பு நீரில் மட்டிச் சிப்பி எடுக்கிறவள். கழுத்தளவு நீரில் நின்று, காலால் சேற்றைத் துழாவி, மட்டி தட்டுப்பட்டதும் மூழ்கி அள்ளி எடுப்பாள். அள்ளியதைப் போட ஒரு பிளாஸ்டிக் பேசின். இடுப்பில் கட்டிய கயிற்றில் அது பக்கத்திலேயே மிதந்துகொண்டிருக்கும். பஹ்மியா பிறந்த நாளிலிருந்து பார்க்கிற காட்சி. ஆனால் எப்போதும் கரையில் நின்றே பார்த்திருக்கிறாள். கரையிலிருந்து பார்த்தால் முகம் தெரியும், சிரிப்புத் தெரியும், "வெத்திலை கொண்டுவந்தியா?" என்ற சத்தம் கேட்கும்.

பாலத்திலிருந்து பார்த்தபோது ஒரு சிவப்பு வட்டம் தெரிந்தது. அதை ஒட்டி ஒரு கறுப்புப் புள்ளி.

"நிப்பாட்டுங்க" என்றாள்.

"பாலத்தில நிப்பாட்ட ஏலாது. பொலிஸ் நிக்கிறான்."

"நிப்பாட்டுங்க எண்டு சொல்றன்!"

அவள் இறங்கிக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே ராத்தா மூழ்கினாள். புள்ளி மறைந்தது. சிவப்பு வட்டம் மட்டும் ஆடியது. பிறகு புள்ளி வந்தது. அவ்வளவுதான். ஒரு மனுசி மேலிருந்து பார்க்க அவ்வளவுதான் இருப்பாள்.

சார்ஜர் வாங்கினார்களா என்று கேட்காதீர்கள். வாங்கினார்கள். ஆனால் டவுனில் எந்தக் கடைக்குப் போனோம் என்று பிறகு கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

வீட்டுக்கு வந்து அடுத்த படத்தைத் திறந்தாள். பச்சை நீரில் ஐந்து வட்டங்கள், ஐந்து புள்ளிகள். முன்பு மாதிரி ஒன்றாக அடக்கவில்லை. படத்தைப் பெரிதாக்கி, வட்டத்துக்கு ஒரு கட்டம், புள்ளிக்கு ஒரு சின்னக் கட்டம் கீறினாள். சின்னக் கட்டத்துக்கு "மனிதர்" என்று கொடுத்தாள். காலையில் ஐந்தும் பிழை என்று திரும்பி வந்திருந்தன. பக்கத்தில் ஒரே ஒரு வரி: விதி பதினான்கைப் பார்க்கவும்.

மூன்று நாளில் தொண்ணூற்றேழு தொண்ணூற்றிரண்டாக இறங்கியது.

பாயிஸ் தேத்தண்ணியை மேசையில் வைத்தான். "அவங்க சொல்ற மாதிரிக் கீறினா என்ன? ஒனக்கு யாரெண்டே தெரியாத ஆக்கள்."

"எண்ட ராத்தா மாதிரி ஒராள்."

"அப்ப அந்தப் படத்தை விட்டுட்டு மத்தப் படத்தைச் செய்யன்."

"நான் விட்டா அது வேற ஆளிட்டப் போகும். அவ மிதவை எண்டு போடுவா. நான் போட்ட மாதிரியே." சொல்லும்போது அவள் குரல் இறங்கிவிட்டது. பாயிஸ் தேத்தண்ணியை அவள் கைக்குக் கிட்டத் தள்ளிவைத்தான். அவனுக்குக் கேலி வராத நேரங்களும் உண்டு.

நிறுவனத்துக்குக் கடிதம் எழுத நினைத்தாள். ஆங்கிலம் வாசிப்பாள், எழுதக் கை கூசும். அதனால் தமிழில் எல்லாவற்றையும் கொட்டி எழுதினாள். ராத்தாவை எழுதினாள், சிவப்புப் பேசினை எழுதினாள், இடுப்புக் கயிற்றை எழுதினாள். ஏஐயிடம் கொடுத்து ஆங்கிலத்தில் கடிதமாக்கச் சொன்னாள். ஒரு கொட்டாவி விடுவதற்குள் கடிதம் வந்தது. அனுப்பினாள். பத்து நிமிடத்தில் பதிலும் வந்தது: உங்கள் கருத்துக்கு நன்றி, விதிகளே முடிவானவை.

சுதர்ஷிகா தொலைபேசியில் அந்தக் கடிதத்தை அனுப்பச் சொல்லி வாசித்தாள்.

"வடிவான இங்கிலீஷ்தான். ஆனா பஹ்மியா, இதில உன்ர ராத்தா எங்க?"

"ஏன், இல்லையா?"

"'சில சமூகங்களின் உள்ளூர் நடைமுறைகள்' எண்டு இருக்கு. ராத்தாவும் இல்லை, பேசினும் இல்லை. இப்பிடிக் கடிதம் அவைக்கு ஒரு நாளைக்கு நூறு வரும். ஆர் வாசிக்கிறது?"

நான் கட்டத்துக்குள் மறைத்ததை இந்த ஏஐ கடிதத்துக்குள் மறைத்துவிட்டது என்று பஹ்மியா நினைத்தாள். கோபப்படவும் முடியவில்லை. அதற்கு யார் காட்டினார்கள்? அவளை மாதிரி யாரோ வீட்டில் இருந்து காட்டியதுதானே.

"விடு பஹ்மியா" என்றாள் சுதர்ஷிகா. "மாசம் முடிய இன்னும் எட்டு நாள்தான். அதுவரைக்கும் அவை சொல்ற மாதிரிக் கீறு, புள்ளி திரும்ப ஏறிடும். சரிபார்க்கிற இடத்துக்கு வந்தியெண்டா உள்ளுக்க இருந்தே மாத்தலாம்."

அது புத்தியுள்ள பேச்சு. நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். பஹ்மியாவும் ஒரு பகல் முழுக்க அதை யோசித்தாள். எட்டு நாளில் எத்தனை படம் வரும், அதில் எத்தனை கறுப்புப் புள்ளி இருக்கும் என்று யோசித்தாள். தொண்ணூற்றேழு என்ற அந்த எண்ணே அறுநூற்றுப் பன்னிரண்டு படங்களில் இருந்த தலைகளை மறைத்ததால்தான் குறையாமல் நின்றது என்றும் யோசித்தாள். பின்னேரம் எழுந்து ராத்தாவிடம் போனாள்.

"நாளைக்குக் களப்பில உங்களைப் பாலத்தில இருந்து படம் எடுக்கணும், ராத்தா."

"என்ன புள்ள, எனக்கு மாப்பிள்ளை பாக்கிறியா? ஈரத் துணியோட எடுத்தா ஒருத்தனும் வரமாட்டான்."

"முகம் விளங்காது. நீங்க ஒரு புள்ளிதான்."

"இவ்வளவு உடம்பை வச்சிட்டுப் புள்ளியா!" றுக்கியா சிரித்தாள். பஹ்மியா சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். ஆள் இல்லாமல் ஓடுகிற படகு என்றதும் றுக்கியாவின் கை வெற்றிலையில் நின்றது.

"அப்ப எனக்கு மேலால போகுமா?"

"கிட்டத்தால போகும். நீங்க மூழ்கி எழும்புற நேரமெண்டா..."

"காணும், விளங்கிட்டு. நாளைக்குப் பத்து மணிக்கு வா. தண்ணி தெளிவா இருக்கும்."

மறுநாள் பாயிஸ் பாலத்தில் ஓட்டோவை நிறுத்தி, பழுது பார்க்கிற மாதிரி பின்பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றான். பஹ்மியா போனை நீட்டிப் பிடித்தாள். முதல் படம்: சிவப்பு வட்டம், கறுப்புப் புள்ளி.

"ராத்தா, கையைத் தூக்குங்க!"

கேட்கவில்லை. பாயிஸ் இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினான். "மதினீ! கை! கை!"

கறுப்புப் புள்ளியிலிருந்து ஒரு கை எழுந்தது. அது இரண்டாவது படம்.

இந்த முறை ஏஐயிடம் கொடுக்கவில்லை. தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மூன்று வரி எழுதினாள். இது என் அக்கா. சிவப்பு அவளுடைய பேசின். கறுப்பு அவளுடைய தலை. எழுத்துப் பிழை இருந்ததோ என்னவோ, ராத்தா இருந்தாள். இரண்டு படத்தையும் சேர்த்து அனுப்பிவிட்டு, மிச்சப் படங்களுக்கும் இரண்டு இரண்டு கட்டமாகவே கீறினாள்.

அடுத்த நாள் புள்ளி எண்பத்தொன்பது. கணக்கு மூடப்பட்டது.

மூடிய கணக்கு எப்படியிருக்கும் தெரியுமா பிள்ளைகளே? சத்தம் எதுவும் இல்லை. கடவுச்சொல்லைப் போட்டால் சாம்பல் நிறத்தில் ஒரு பக்கம் வரும், அவ்வளவுதான். நான்கு வருடம் அதற்குள்ளே இருக்கிறது, கை எட்டாது. பஹ்மியா வீட்டுச் சீலைகளை எல்லாம் துவைத்தாள். அலுமாரியை அடுக்கி ஒதுக்கினாள். மாதம் முடிந்தது. சரிபார்க்கிற இடம் வேறு யாருக்கோ போயிற்று. பாயிஸ் இரவுச் சாப்பாட்டில், "கட்டம் கீறாட்டி என்ன, மட்டி உடைக்கலாம்" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தான். அவள் பார்த்த பார்வையில் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டான்.

கணக்கு மூடிய பன்னிரண்டாம் நாள் காலை சுதர்ஷிகா தொலைபேசியில் அழைத்தாள். மூச்சு வாங்கியது.

"புது விதிப் புத்தகம் வந்திருக்கு. பதினாலை மாத்திட்டாங்கள்."

"என்னெண்டு?"

"வட்டத்துக்குப் பக்கத்தில புள்ளி இருந்தா, மனிதர் எண்டே எடுக்க வேணும். இல்லை எண்டு நிச்சயமாத் தெரிஞ்சா மட்டும் மாத்தலாம். கீழ ஒரு கோட்டுப் படம் போட்டிருக்கிறாங்கள். ஒரு வட்டம், ஒரு தலை, ஒரு கை மேல தூக்கியிருக்கு." சுதர்ஷிகா நிறுத்தினாள். "எந்தக் கை தூக்கினவ ராத்தா?"

"வலக் கை."

"அதேதான்."

இரண்டு நாள் கழித்து பஹ்மியாவின் கணக்கும் திறந்தது. மன்னிப்பு ஒன்றும் இல்லை. வெட்டிய புள்ளிகளை மட்டும் திருப்பிப் போட்டிருந்தார்கள். சரிபார்க்கிற இடம் இனி அடுத்த வருடம்தான் என்று ஒரு வரி. அவள் அதை வாசித்துவிட்டு ஒரு வரி பதில் எழுதினாள்: நான் முதலில் செய்த அறுநூற்றுப் பன்னிரண்டு படங்களையும் எனக்கே திருப்பி அனுப்ப ஏலுமா?

அனுப்பினார்கள். கூலி கிடையாது என்றார்கள். அவளும் கேட்கவில்லை.

அன்று பகல் றுக்கியா ஈரத் தலையோடு வந்து பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். திரையில் பச்சை நீர், மூன்று வட்டம். பஹ்மியா பெரிதாக்கி, முதல் தலைக்குக் கட்டம் கீறினாள். இரண்டாவதுக்கும் கீறினாள். மூன்றாவது வட்டத்துக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை.

"இது சும்மா மிதவை" என்று சொல்லி அடுத்ததற்குப் போகப் பார்த்தாள்.

"பொறு" என்றாள் றுக்கியா. திரைக்குக் கிட்டக் குனிந்தாள். வட்டத்திலிருந்து ஒரு பக்கமாக மெல்லிய கோடு ஒன்று இழுபட்டு நீருக்குள் போயிருந்தது. அதன் முடிவில் தண்ணீர் கொஞ்சம் கலங்கியிருந்தது.

"கயிறு விறைச்சு நிக்கிது பார். அவ கீழ மட்டி அள்ளுறா. இப்ப வருவா."

படம் அசையாது என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். பிறகு பஹ்மியா கலங்கிய இடத்தைச் சுற்றி ஒரு கட்டம் கீறினாள்.