நந்தியாவட்டைக்கு வேலி

குவெம்பு நகரில் பசவராஜ் வீட்டுக்கு வேலி போட்ட நாட்களில் கந்தசாமி சந்தோஷமாகத்தான் இருந்தான். பிற்பாடு அதை யாரிடமும் ஒப்புக்கொள்ள அவனுக்கு வாய் வரவில்லை.

கர்நாடக எல்லையோரம் தமிழ் பேசுகிற ஊரான கௌதள்ளியிலிருந்து மைசூருக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அக்ரஹாரத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் அவனுக்கு வெல்டிங் பட்டறை. வருவதெல்லாம் ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி, கடை ஷட்டர். கை நிறைய வேலை இருக்கும், ஆனால் கண்ணுக்கு நிறைவாக எதுவும் இருக்காது. பசவராஜ் கேட்டதோ வீட்டைச் சுற்றி முழுக்க அலங்கார வேலி. இரும்புப் பட்டையை வளைத்துச் சுருள் சுருளாகப் பூவேலை, நடுவில் சதுரக் கம்பிகள், மேலே ஈட்டி முனை. சுருள்களை அவன் கடையில் வாங்கவில்லை. ஒவ்வொன்றையும் கையாலேயே வளைத்தான். கறுப்புப் பெயின்ட் அடிப்பதும் முனைகளுக்குத் தங்க நிறம் தீட்டுவதும் மனைவி சுலோசனாவின் வேலை.

பசவராஜ் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். பூச்செடி என்றால் உயிர். மதிலோரமாகச் செம்பருத்தியும் நந்தியாவட்டையும் அவரே நட்டு வளர்த்தவை. ஆனால் விடிவதற்கு முன்பே தெருவில் போகிறவர்கள் பையோடு வந்து பறித்துக்கொண்டு போய்விடுவார்கள். அவர் வீட்டு சாமிக்கு ஒரு பூ மிஞ்சாது. "பூ பறிக்காதீர்கள்" என்று கன்னடத்தில் பலகை எழுதி மாட்டினார். மறுநாள் பலகைக்குப் பக்கத்துக் கிளையே மொட்டையாக நின்றது. அன்றைக்குத்தான் அவர் கந்தசாமியைக் கூப்பிட்டனுப்பினார்.

இருவரும் பேசிக்கொள்வது கன்னடத்தில்தான். கந்தசாமி தன் யோசனையைச் சொல்லிப் பார்த்தான்.

"மதில் இடுப்பு உசரந்தான் இருக்குது சார். கம்பியோட சேத்துனாலும் என் கழுத்துக்குத்தான் வரும். இந்த உசரத்துக்கு ஈட்டி வேண்டாம். உருண்டை வெச்சுக்கலாம், அதுவும் அழகாத்தான் இருக்கும்."

"உருண்டை வைத்தால் அதன் மேலேயே கையை ஊன்றிக்கொண்டு பறிப்பார்கள். ஈட்டியே போடு."

போட்டான். வார்ப்பு இரும்பில் ரெடிமேடாக வருகிற முனைகள், எண்பத்து நான்கு. பற்றவைத்து முடித்ததும் பசவராஜ் வெளியே வந்து ஒரு முனையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

"என்ன கந்தசாமி, பொம்மைக் கடையில் வாங்கினது மாதிரி மழுங்கிக் கிடக்கிறது! பார்த்தாலே ஒரு பயம் வர வேண்டாமா?"

அப்போதாவது அவன் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. கிரைண்டரை எடுத்து அரை நாள் உட்கார்ந்து எண்பத்து நான்கையும் தீட்டினான். கடனே என்றும் செய்யவில்லை. எல்லாம் ஒரே மாதிரி, ஒரே சரிவில் இருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துத் தீட்டினான். தங்கப் பெயின்ட் அடிக்க வந்த சுலோசனாவின் துடைக்கிற துணி முனையில் மாட்டி டர்ரென்று கிழிந்தது.

"ஏனுங்க, துணி கிழியுது. ஆள் மேல பட்டா என்னாகும்?"

"ஆள் எதுக்கு மேல வந்து படறான்? திருட வர்றவந்தான் படுவான்" என்றான் கந்தசாமி. சொல்லிவிட்டுச் சிரித்தான்.

வேலி நின்ற பிறகு தெருவே திரும்பிப் பார்த்தது. பூ பறிக்க வந்தவர்கள் வேறு தெருவுக்குப் போனார்கள். பசவராஜின் மனைவி நிர்மலா காப்பி கொடுத்து, "ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நாலு பேருக்குக் காட்டலாம்" என்றாள். எடுத்து வைத்துக்கொண்டான்.

அடுத்த வருஷம், நம் ஆடி மாதிரிக் கன்னடர்கள் கொண்டாடுகிற ஆஷாட மாதத்து மூன்றாவது வெள்ளிக்கிழமை. சாமுண்டி மலைக்குப் போகிற கூட்டத்தால் ஊரே விடியும் முன் எழுந்துவிட்டிருந்தது. கந்தசாமி பல் துலக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. நிர்மலா பேசினாள். பேச்சு கோவையாக வரவில்லை.

"மிஷின் எடுத்துக்கொண்டு உடனே வாருங்கள். ஒரு அம்மா... வேலியில்... கம்பியில் மாட்டிக்கொண்டார்கள்."

சேலை மாட்டியிருக்கும், மிஞ்சினால் வளையல் மாட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேதான் ஸ்கூட்டரை எடுத்தான். ஆனாலும் கை தானாகவே வெட்டுகிற மிஷினோடு ரம்பத்தையும் எடுத்துப் பையில் போட்டது.

தெருமுனையிலேயே ஆட்கள் நின்றார்கள். ஆம்புலன்ஸ் வந்து நின்றிருந்தது. வேலியோரம் பசவராஜ், வேட்டி நனைந்து, ஓர் அம்மாளின் இடுப்பை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த அம்மாளுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். தூறலில் வழுக்கிய கல் ஒன்று அவள் காலடியில் புரண்டு கிடந்தது. அதன் மேல் ஏறி, வேலிக்கு மேலாகக் கையை நீட்டி, உள்ளேயிருந்த நந்தியாவட்டைக் கிளையை இழுத்திருக்கிறாள். கால் வழுக்கி உடம்பின் பாரமெல்லாம் அந்த ஒரு கையில் இறங்கிவிட்டது. முனை அக்குளுக்குச் சற்றுக் கீழே மேல்கையில் புகுந்து மறுபுறம் வந்திருந்தது. வெளியே வந்திருந்த முனையில் தங்க நிறம் அப்படியே இருந்தது.

கந்தசாமி பையோடு கிட்டே போனான்.

"இருபது நிமிஷமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்" என்றார் பசவராஜ். அவருக்கும் எழுபது வயது. "விட்டால் கை கம்பியில் இன்னும் இறங்கிவிடும். சீக்கிரம் ஏதாவது செய்."

ஆம்புலன்ஸில் வந்த நர்ஸ் பெண் மதில்மேல் ஏறி உட்கார்ந்து கையைக் கட்டிப் பிடித்திருந்தாள். "உருவக் கூடாது. உருவினால் ரத்தம் நிற்காது. கம்பியோடு சேர்த்து வெட்டிக் கொடுங்கள், அப்படியே கொண்டுபோகிறோம். ஃபயர் சர்வீஸுக்குச் சொல்லியிருக்கிறது, மலை ரோட்டுக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்."

கந்தசாமி மிஷினைக் கையில் எடுத்தான். எடுத்த மறுகணமே கீழே வைத்தான். மிஷின் வெட்டினால் கம்பி பழுக்கக் காய்ந்துவிடும். இரும்பு சூட்டை ஓரிடத்தில் வைத்துக்கொள்ளாது, மேலே ஏற்றும். மேலே சதை இருக்கிறது. ரம்பத்தை எடுத்தான். கைக்கும் குறுக்குப் பட்டைக்கும் நடுவே இரண்டு விரல் இடந்தான் இருந்தது. ரம்பத்தின் சட்டம் அதில் நுழையவில்லை. சட்டத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, வெறும் பிளேடின் நுனியில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு அறுக்க ஆரம்பித்தான்.

முதல் இழுப்பிலேயே அந்த அம்மாள் அலறினாள். அதுவரை அவள் கண்ணை மூடி ஏதோ முனகிக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, முருகா... ஆட்டாதீங்களேன்..."

தமிழ்! கந்தசாமி பிளேடை நிறுத்தினான்.

"அம்மா, கொஞ்சம் பொறுத்துக்கங்கம்மா. ஆட்டாம அறுக்கறேன். உங்க பேரென்னங்கம்மா?"

"கமலம்மாள்..."

"வீடு எங்கீங்?"

"பின்னாடி... ரெண்டாவது தெரு. மக வீடு. உமாதேவின்னு... அவளுக்குச் சொல்லுங்க."

"சொல்லியாச்சுங்கம்மா, வந்துட்டிருக்குது" என்று பொய் சொன்னான். நிர்மலா அதைக் கேட்டு அந்தத் தெருவுக்கு ஓடினாள். அவன் ஒரு கையால் கம்பியை இறுகப் பிடித்து, மறுகையால் இழுத்துக்கொண்டேயிருந்தான். கைக்குட்டை நழுவிப் பிளேடு உள்ளங்கையைக் கிழித்தது. அது அவனுக்குத் தெரியவேயில்லை. பசவராஜ் மூச்சு வாங்கியபடி ஏதோ மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். கமலம்மாளின் தலை அவர் தோளில் சாய்ந்திருந்தது. அரை அங்குலக் கம்பி அது. வீட்டுக்காரர் சொன்னது மெல்லிசுக் கம்பிதான். அழுத்தமாக நிற்கட்டும் என்று தடிப்பான கம்பியைத் தேடி வாங்கியவன் கந்தசாமி.

எவ்வளவு நேரம் ஆயிற்றென்று அவனுக்குத் தெரியாது. கம்பி 'டக்'கென்று விட்டதும் நாலைந்து பேராகத் தாங்கி இறக்கினார்கள். வேலிக்குள் செடியடியில் அவள் கையிலிருந்து விழுந்த பிளாஸ்டிக் பை கிடந்தது. அதில் ஒரு பிடிப் பூகூட இல்லை.

அன்று பத்து மணிக்குப் போலீஸ்காரர் ஒருவர் வந்து எழுதிக்கொண்டார். பசவராஜ் உள்ளே போய் வேட்டி மாற்றிக்கொண்டு வந்திருந்தார். கந்தசாமியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"நான் வேலிதான் போடச் சொன்னேன். முனையை இவ்வளவு கூராக்கினது இவர்."

கந்தசாமி வாயைத் திறந்தான். அரைமணி நேரம் ஒரு முழு ஆளின் பாரத்தைத் தாங்கி நின்ற மனுஷன் இதே ஆள்தான். அந்தக் கையும் இவர் கைதான், இந்த வாயும் இவர் வாய்தான். யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் பொய்யும் இல்லை.

"ஆமாங்க, நான்தான் தீட்டுனேன்" என்றான்.

போலீஸ்காரர் எழுதிக்கொண்டு, கூப்பிட்டால் வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் கூப்பிடவில்லை. உமாதேவி புகார் எதுவும் கொடுக்கவில்லை. தாய் அடுத்தவர் வீட்டுப் பூவைப் பறிக்கப் போனாள் என்று நாலு பேர் பேசுவதே அவளுக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

ஐந்து நாள் கந்தசாமி பட்டறையைத் திறக்கவில்லை. ஆறாம் நாள் சுலோசனா சொன்னாள்: "போய்ப் பாத்துட்டு வாங்க. இப்படியே மோட்டுவளையப் பாத்துட்டு உக்காந்திருந்தா மட்டும் அந்தக் கை சரியாயிருமா?"

ஆஸ்பத்திரியில் கமலம்மாள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வலது கை முழுக்கக் கட்டு. உமாதேவி எழுந்து நாற்காலி போட்டாள்.

"அம்மா, இவர்தான் கம்பிய அறுத்தவர்" என்றாள்.

கமலம்மாள் முகம் மலர்ந்தது. "நீங்களா தம்பி? உங்க குரல் நல்லா ஞாபகமிருக்கு. அந்த நேரத்துல நம்ம பாஷைல ஒரு குரல் கேட்டுதே, அதுலதான் எனக்கு உசிரே நின்னுது. நீங்க நல்லா இருக்கணும்."

அதோடு எழுந்து வந்திருக்கலாம். உமாதேவி ஃபிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றினாள். டம்ளரை வாங்கியவன் குடிக்காமல் தரையில் வைத்தான்.

"அம்மா, அந்த வேலியப் போட்டதும் நான்தானுங்க. முனை மழுங்கலாத்தான் வந்துச்சு. நான் தீட்டுனேன்."

உமாதேவியின் முகம் கறுத்தது. கமலம்மாள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். கோபப்படுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தான். அவள் கேட்டது ஒரே கேள்விதான்.

"இந்த மாதிரி இன்னும் எத்தன வீட்டுல வெச்சிருக்கீங்க?"

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். உமாதேவி கதவு வரைக்கும் வந்து, "இனிமே வராதீங்க அண்ணா" என்றாள்.

ராத்திரி விரல் விட்டு எண்ணினான். பசவராஜ் வீட்டு ஃபோட்டோவைக் காட்டிப் பிடித்த வேலைகளோடு சேர்த்து ஏழு வீடு. நஞ்சன்கூடு ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தையும் சேர்த்தால் எட்டு.

மறுநாள் முதலில் பசவராஜ் வீட்டுக்குப் போனான். நந்தியாவட்டை அடியோடு வெட்டப்பட்டிருந்தது. செம்பருத்தியும் இல்லை. மண் மட்டும் கிளறிக் கிடந்தது. பசவராஜ் வாசலில் வந்து நின்றார். ஒரே வாரத்தில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"மீதி முனைங்களயும் எடுத்தர்றேன் சார்."

"எடு" என்றார். உள்ளே போகத் திரும்பியவர் நின்று, "அவர்கள் கை எப்படி இருக்கிறது?" என்று கேட்டார்.

"நீங்க போய்ப் பாக்கலீங்களா?"

பசவராஜ் உள்ளே போய்விட்டார். கந்தசாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு மிஷினைப் போட்டான். மத்தியானத்துக்குள் எண்பத்து மூன்றும் கீழே விழுந்தன. நிர்மலா காப்பி கொண்டுவந்து மதில்மேல் வைத்துவிட்டுப் போனாள்.

மற்ற வீடுகளுக்கும் போனான். நாலு வீட்டில் சரியென்றார்கள். அதில் ஒருத்தர் இலவசம்தானே என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டார். ஒரு வீடு கைமாறிப் பூட்டிக் கிடந்தது. இன்னொரு வீட்டில், "எவனோ சுவர் ஏறி விழுந்தால் நான் ஏன் என் வேலியைக் கெடுத்துக்கொள்ள வேண்டும்?" என்று கதவைச் சாத்தினார்கள். கல்யாண மண்டபத்தில் முதலாளியைப் பார்க்கவே விடவில்லை. அந்த மூன்று இடத்திலும் முனைகள் இன்றைக்கும் நிற்கின்றன. அந்தப் பக்கம் போக வேண்டி வந்தால் அவன் வேறு தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறான்.

தீபாவளி கழிந்து ஒரு நாள் உமாதேவி பட்டறைக்கு வந்தாள். கந்தசாமி வெல்டிங்கை நிறுத்திவிட்டு எழுந்து நின்றான்.

"அம்மா வீட்டுக்கு வந்து ரெண்டு மாசமாச்சு. வலது கைல கடைசி மூணு விரல் மடங்கல. பாத்ரூம்ல புடிச்சு எந்திரிக்க ஒரு கைப்பிடி வேணும், இடது பக்கமா." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான் வேற யார்கிட்டயாவது சொல்றேன்னேன். அம்மாதான் உங்ககிட்டயே போடச் சொன்னாங்க."

வழுவழுப்பான உருண்டைக் குழாயை வாங்கி, இரண்டு முனையையும் வளைத்து மூடி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். சுலோசனா தன் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள்.

அவன் பொருத்தி முடிக்கும் வரை கமலம்மாள் கூடத்தில் டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வா என்றும் சொல்லவில்லை, ஏன் வந்தாய் என்றும் கேட்கவில்லை. முடிந்ததும் மெதுவாக எழுந்து வந்து, இடது கையால் கைப்பிடியைப் பற்றி உடம்பின் பாரத்தை அதில் போட்டு, உட்கார்ந்து எழுந்து பார்த்தாள்.

"நாலு விரக்கடை கீழ இறக்கணும்" என்றாள்.

"சரிங்கம்மா" என்று சொல்லிவிட்டு, கந்தசாமி மறுபடியும் டிரில் மிஷினைக் கையில் எடுத்தான்.