விழத் தெரியாதவளுக்கு ஒரு ஜாக்கெட்

படுத்துப் பார்க்காமல் எப்படி வாங்குவது, அதுதான் அவருக்குப் புரியவில்லை, காலில் மாட்டுகிற செருப்பையே கடைக்குள் நாலு எட்டு நடந்து பார்த்துத்தான் வாங்குகிறோம், விழும்போது உடம்பைக் காப்பாற்ற வேண்டிய சட்டையை விழுந்து பார்த்து வாங்குவதல்லவா முறை, விழ வேண்டாம், விழுந்தால் சத்தம் வரும், சத்தம் வந்தால் அந்தக் கல்லாப் பெண் ஓடி வரும், படுத்தாவது பார்க்கலாம்... என்று யோசித்துக்கொண்டே மெத்தைக்காரர் அந்தக் கறுப்பு ரைடிங் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, ஹெல்மெட் அலமாரிக்கும் கையுறைகள் தொங்குகிற கம்பிக்கும் நடுவில், தரையில் மல்லாக்கப் படுத்துவிட்டார். முதுகுப் பக்கம் அருமை. பூ மாதிரி இருந்தது. முழங்கைதான் சரியில்லை, கல்லை வைத்துத் தைத்த மாதிரி குத்தியது, தோளும் அப்படித்தான், இதைப் போட்டுக்கொண்டு யாருக்குத் தூக்கம் வரும், அவருடைய கடையில் யார் மெத்தை வாங்க வந்தாலும் முதலில் படுக்க வேண்டும், வலப்பக்கம் ஒருதரம், இடப்பக்கம் ஒருதரம், அப்புறம்தான் விலை பேச்சு, அப்படிப் படுத்துப் பார்த்த ஒரு வாத்தியார் அசந்து தூங்கிப்போய், எழுப்ப மனசு வராமல், மெத்தையோடு அவரையும் சேர்த்து வேனில் ஏற்றி, அவர் வீட்டிலேயே இறக்கி, மறுநாள் காலையில் பணம் வாங்கிக்கொண்டது இந்தத் தெருவுக்கே தெரியும், வாத்தியார் மட்டும்தான் அது நடக்கவில்லை என்கிறார், அவர் எப்படிச் சொல்ல முடியும், அவர்தான் தூங்கிக்கொண்டிருந்தாரே.

தலைக்கு மேல் ஒரு முகம் தலைகீழாகத் தெரிந்தது. “அங்கிள், மயக்கமா வருதா?” கல்லாப் பெண்தான். “அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, சரக்கு பாத்துட்டிருக்கேன். முதுகு நல்லாருக்கு. முழங்கைதான் குத்துது.” அந்தப் பெண் சிரிக்கவில்லை, அதுதான் அவருக்குப் பிடித்தது, வியாபாரத்துக்கு லாயக்கான முகம். “குத்துறதுதான் அங்கிள் நல்ல பேடு. முதுகுல இருக்கிறது வெறும் ஸ்பாஞ்சு, இடத்தை ரொப்ப வெச்சு அனுப்புவாங்க. விழுந்தா அது ஒண்ணுக்கும் ஆகாது.” எழுந்து உட்கார்ந்தார். அந்தப் பெண் தொங்கிக்கொண்டிருந்த இன்னொரு ஜாக்கெட்டின் முழங்கைப் பேடை உருவி மேஜைமேல் வைத்து, அதன் அடியில் தன் கைவிரலை வைத்து, ஒரு சின்னச் சுத்தியலால் ஓங்கி ஒரு போடு போட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது விரல் ஆடிக் காட்டியது. இத்தனை வருஷம் பஞ்சையும் ஸ்பாஞ்சையும் கட்டை விரலால் அமுக்கியே பிழைத்த மனுஷன், கடை முழுக்கத் தேடி, உள்ளதிலேயே உதவாத ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் படுத்துக் கிடந்திருக்கிறார்... இருக்கட்டும், மெத்தை என்பது கிடத்துகிற உடம்புக்கு, இது எறியப்படுகிற உடம்புக்கு, இரண்டும் ஒன்றாகுமா, தப்பு அவர்மேல் இல்லை, கட்டை விரல்மேல்தான். “யாருக்கு அங்கிள், உங்களுக்கா?”

இந்தக் கேள்விக்காகத்தான் காலையிலிருந்து காத்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கேட்பார் என்று பார்த்தார், கேட்கவில்லை, கடை வாசலில் வண்டி பார்த்துக்கொள்கிற பெரியவர், நேற்று கடை மூடியிருந்து இவர் திரும்பிப் போனபோதே கேட்டு முடித்துவிட்டார். “எனக்கா, நான் சைக்கிள்லயே பின்னாடி உக்காந்துதான் போவேன். என் வீட்டுக்காரிக்கு.” சொல்லிவிட்டு ஒரு நொடி நிறுத்தினார், எதிராளி முகத்தில் அது இறங்க வேண்டும். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து லேபில் சேர்க்கிற வேலை, ஸ்கூட்டர் இல்லை, மோட்டார் பைக், கியர் போடுகிறது, திங்கட்கிழமையிலிருந்து மலைப்பக்கத்து ரூட், அங்கே இருக்கிற சின்னச் சின்ன கிளினிக் அத்தனைக்கும் இவள் ஒருத்திதான், லேபில் அத்தனை ஆம்பிளைப் பசங்க இருக்க, மானேஜர் இவளைத்தான் கூப்பிட்டுக் கொடுத்தார். இது வரைக்கும் அத்தனையும் உண்மை. இதோடு அவர் நிறுத்தியிருக்கலாம்தான், ஆனால் கடைப்பெண் கேட்டுக்கொண்டிருந்தது, கேட்கிற ஆளை வைத்துக்கொண்டு பாதியில் நிறுத்துவது மரியாதை இல்லை. “அவ வண்டிக்கு விழத் தெரியாதும்மா. ஒருநாள் ஸ்டாண்ட் போட மறந்துட்டு இறங்கி உள்ள வந்துட்டா. அரைமணி நேரம் கழிச்சு நான் போய்ப் பாக்குறேன், வண்டி அது பாட்டுக்கு நிக்குது.” இதை முதல்தடவை தெருவில் சொன்னபோது அவளும் பக்கத்தில் நின்றாள், “போதும்ங்க, வண்டி கேட்டுச்சுன்னா வெக்கத்துலயே சாஞ்சிடும்” என்றாள், எல்லாரும் சிரித்தார்கள், ஆனால் மறுக்கவில்லை, அதைக் கவனிக்க வேண்டும். மழைக் கதையும் அப்படித்தான். போன மழைக்காலத்தில் ஒருநாள் மாலை மழை வண்டியைத் துரத்திக்கொண்டே வந்தது, பின்னால் கட்டியிருந்த, ரத்தக் குப்பி வைக்கிற ஐஸ் பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, முன்னால் உட்கார்ந்திருந்த இவள் வாசலில் வந்து நிற்கிறாள், சுடிதார் துப்பட்டாவில்கூட ஈரமில்லை, கோட்டும் போடவில்லை, என்ன அர்த்தம், மழை பெட்டி வரைக்கும்தான் எட்டிப் பிடித்தது, அவளை எட்ட முடியவில்லை. அவர் கண்ணால் கண்டது. கடைப்பெண் இதற்கும் சிரிக்காமல், “செம அங்கிள்” என்றது.

அளவு என்ன என்று கேட்டது. அங்கேதான் அவருடைய கெட்டிக்காரத்தனம், பையிலிருந்து அவளுடைய மழைக் கோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார், வெயில் காலத்தில் ஆணியில் தொங்குகிற மழைக் கோட்டை யார் தேடப் போகிறார்கள், திங்கட்கிழமை காலையில் அவள் கண்ணெதிரே புது ஜாக்கெட் இருக்கும் வரைக்கும் அவளுக்குத் தெரியவே கூடாது. கைவசம் இருந்தது தையல் மிஷினுக்குப் புது மோட்டார் போட வைத்திருந்த பணம், மிஷின் இன்னும் ஒரு வருஷம் காலால் மிதிபடட்டும், அதற்கு என்ன கேடு. ஆனாலும் கறுப்பு ஜாக்கெட் அந்தப் பணத்தை முழுசாக விழுங்கியது, அதை மட்டும் வாங்கினால் கைக்கு ஒன்றும் இல்லை, இடுப்புக்கும் காலுக்கும் ஒன்றும் இல்லை, ஹெல்மெட் லேபிலேயே நல்லதாகக் கொடுத்துவிட்டார்கள், அது ஒரு நிம்மதி. “கிளவுஸ் கண்டிப்பா வேணும் அங்கிள், விழும்போது கைதான் முதல்ல போய் ஊனும்.” பெண் தன் கையைத் திருப்பிக் காட்டியது, உள்ளங்கை ஓரத்தில் ஒரு துண்டுத் தோல் மட்டும் இஸ்திரி போட்ட மாதிரி வழவழவென்று இருந்தது. அவர் கறுப்பைத் தடவிக்கொண்டிருந்தார். கறுப்பில் அவள் எப்படி இருப்பாள், மலைப்பாதையில் ஒரு வளைவில் சாய்ந்து திரும்பும்போது கிளினிக் வாசலில் நிற்கிறவர்கள் என்ன சொல்வார்கள், ஒன்றும் சொல்ல மாட்டார்கள், வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள், கிளவுஸ் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம், அவள் எங்கே விழப் போகிறாள்...

“எப்ப விழுந்தாங்க?” என்றது பெண். கோட்டை விரித்துப்போட்டு டேப்பை வைத்தது அளக்காமல் நின்றது. “யாரு?” “இந்தக் கோட்டைப் போட்டவங்க.” “அவ விழமாட்டா,” என்றது வாய், வாய்க்கு அது பழக்கம், அவரைக் கேட்டுக்கொண்டு பேசுவதில்லை. பெண் கோட்டின் வலது முழங்கையைத் தூக்கிக் காட்டியது. தேய்ந்திருந்தது. ஆணியில் மாட்டிக் கிழிந்தால் கோடாகக் கிழியும், இது அப்படி இல்லை, ரோடு பிடித்து இழுத்த மாதிரி ஒரே திக்கில் தேய்ந்து, நடுவில் பிய்ந்து, இடுப்புக்கு வருகிற இடத்திலும் உள்ளங்கை அகலத்துக்கு அதே தேய்ப்பு. இரண்டு இடத்திலும் உள்பக்கமாகத் துணி கொடுத்துத் தைத்திருந்தது. குனிந்து பார்த்தார். தையலைப் பார்த்தார். பழுப்பு நூல், மெழுகு போட்ட தடி நூல், மெத்தை விளிம்புக்கு மட்டும் போடுகிறது, இந்த ஊரில் அவர் கடையைத் தவிர யாரிடமும் இல்லை... அவருடைய நூலில், அவருடைய தையலில், ஆனால் அவர் போடாத முடிச்சு. முடிச்சை இரண்டு சுற்றுச் சுற்றிப் பல்லால் கடித்து விடுகிறவள் ஒருத்திதான்.

அந்த மழை. ஐஸ் பெட்டி சொட்டுகிறது, துப்பட்டாவில் ஈரமில்லை, கோட்டு இல்லை. கோட்டு எங்கே என்று அவர் கேட்கவே இல்லையே, கேட்டிருந்தால் கதை கெட்டிருக்கும். வாசலுக்கு வருவதற்கு முன்னால் கழற்றிச் சுருட்டி எங்கேயோ திணித்திருக்கிறாள், அவர் அவளை மேலும் கீழும் பார்த்து “மழையையே முந்திட்டியாடி” என்றார், எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ஈரமில்லாத துப்பட்டாவைக் காட்டினார், அவள் வண்டிச் சாவியை இடது கையால் ஆணியில் மாட்டிவிட்டு, ஆமாங்க, என்றாள். ஆமாங்க என்றுதான் சொன்னாள். அப்புறம் அந்த வாரம்... அந்த வாரம் என்ன நடந்தது, அய்யோ, மெத்தை. எப்போதும் வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கிறவள் இடப்பக்கம் திரும்பிப் படுத்தாள், ராத்திரியில் புரளும்போது ஸ் என்றாள், அவருக்கா தெரியாது, தொழில்காரர் கண்ணில் படாமல் போகுமா, மறுநாளே கண்டுபிடித்துவிட்டார், மெத்தையில் வலப்பக்கம் பஞ்சு கட்டி தட்டிப்போய்விட்டது. இரண்டு நாள் கடையை மூடிவிட்டு மெத்தையைப் பிரித்தார், பஞ்சு முழுவதையும் மொட்டைமாடியில் வெயிலில் போட்டு அடித்து, பிரித்து, வலப்பக்கத்துக்கு மட்டும் இரண்டு பங்கு நிரப்பி, புது உறை தைத்துப் போட்டு, “இப்ப எப்படி இருக்கு?” என்று கேட்டார். அவள் வலி பிடித்த இடுப்பை மெதுவாக அதன்மேல் வைத்துப் படுத்து, கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்து, “இப்பதாங்க நல்லாருக்கு” என்றாள். அதையும் அவர் தெரு முழுக்கச் சொன்னார், பொண்டாட்டி புரள்கிற சத்தத்தை வைத்தே மெத்தையில் எந்தப் பக்கம் கட்டி என்று சொல்லக்கூடிய ஆள் தான் ஒருவர்தான் என்று.

அவள் ஏன் சொல்லவில்லை. பயந்துபோய் வண்டி வேண்டாம் என்று தடுப்பார் என்றா, அவர் தடுக்கிற ஆளா, தெரியவில்லை, தடுத்திருந்தாலும் தடுத்திருப்பார். அல்லது விழத் தெரியாதவள் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்த மனுஷன் நாளைக்குத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கடை திறக்கக் கூடாது என்றா... “இவங்களுக்கு வலப்பக்கம் அடி வாங்குது அங்கிள், பிரேக் பிடிக்கும்போது அந்தப் பக்கம் சாயுது போல. இடுப்புக்கும் பேடு வேணும்.” பெண் மெதுவாகத்தான் சொன்னது. அவர் கறுப்பு ஜாக்கெட்டைக் கழற்றி ஹேங்கரில் மாட்டினார். “குத்துறதா குடும்மா. எல்லாமே குத்துறதா.” பெண் உள்ளே போய்ப் போன வருஷத்துச் சரக்கு ஒன்றைக் கொண்டுவந்தது, மஞ்சள், வெறும் மஞ்சள் இல்லை, கண்ணைக் கட்டிக்கொண்டு நின்றாலும் தெரிகிற மஞ்சள், அதனால்தான் யாரும் சீந்தவில்லை, அதனால்தான் பாதி விலை. தோள், முழங்கை எல்லாம் கல்லு. முதுகில் இருந்த ஸ்பாஞ்சை அவரே உருவிப் போட்டுவிட்டு நிஜ முதுகுக் காப்பு ஒன்றைச் செருகினார். இடுப்பிலும் முட்டியிலும் பேடு வைத்த பேன்ட், அதுவும் பழைய சரக்கு. கையுறைக்கு வந்தபோது பணம் தீர்ந்துவிட்டது. அவர் சுற்றிப் பார்த்தார். சுவரோரம் வாடிக்கையாளர் உட்காருகிற சோபா நடுவில் குழி விழுந்து கிடந்தது. “அதுல யாராவது உக்காந்தா எந்திரிக்கிறாங்களா?” “கை கொடுத்துத் தூக்கணும் அங்கிள்.” “நாளைக்குக் காலையில வந்து புதுசா ரொப்பித் தைச்சுக் கொடுத்துடறேன். கிளவுஸ் குடு.” பெண் மாடியிலிருந்த முதலாளியிடம் போனில் கேட்டது, முதலாளி அந்தச் சோபாவில் உட்கார்ந்து அவதிப்பட்டவர் போலிருக்கிறது, உடனே சரி என்றார்.

வெளியே வந்தபோது வண்டி பார்த்துக்கொள்கிற பெரியவர் நாற்காலியை விட்டு எழுந்துவந்து பையை எட்டிப் பார்த்தார், மஞ்சள் அவர் முகத்தில் அடித்தது. “மழையை ஜெயிச்ச அம்மாவுக்கா?” “ஆமா.” “அவங்க வண்டிக்குத்தான் விழத் தெரியாதுன்னு நேத்து சொன்னீங்களே, அப்புறம் இதெல்லாம் எதுக்கு?” மெத்தைக்காரர் வாயைத் திறந்தார். ஒரு கதை வாய் வரைக்கும் வந்து நின்றது, இதுவரைக்கும் சொன்ன எல்லாவற்றையும்விடப் பெரிசு, ஒரு சொல்கூடச் சேர்க்க வேண்டாத கதை. கொட்டுகிற மழையில் ரோட்டில் தேய்த்துக்கொண்டே போய் விழுந்தாள், எழுந்தாள், அவ்வளவு பெரிய வண்டியை ஒற்றை ஆளாகத் தூக்கி நிறுத்தினாள், பெட்டியைத் திறந்து பார்த்து ரத்தக் குப்பி ஒன்றுகூட உடையவில்லை என்று தெரிந்ததும் லேபில் கொண்டுபோய்ச் சேர்த்தாள், உடைந்திருந்தால் மானேஜர் மலை ரூட்டைக் கொடுத்திருப்பாரா, அப்புறம் வீட்டுக்கு வந்து ஆமாங்க என்றாள். இதை யாரிடம் சொல்வது. சொன்னால் முதலில் விழுந்தாள் என்று சொல்ல வேண்டுமே, அதை அவள் இன்னும் சொல்லவில்லையே. அவருடைய கதையை அவள் இத்தனை நாள் சாயாமல் பிடித்துக்கொண்டு நின்றாள், ஸ்டாண்ட் இல்லாத வண்டி மாதிரி. “மலைமேல குளிருமாம்,” என்றார். “அதுக்குத்தான்.” பெரியவர் தலையாட்டினார், நேற்று சொன்னதையெல்லாம் நம்பிய பெரியவர் இதை மட்டும் நம்பவில்லை என்று தோன்றியது.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, புதுப் பையை மடியில் வைத்துக்கொண்டு, பழைய கோட்டை மெதுவாக மடித்தார், ஆணியில் எப்படி மாட்டுவது, தேய்ந்த முழங்கை சுவரைப் பார்த்த மாதிரியா, பழையபடி, அல்லது வாசலைப் பார்த்த மாதிரியா, அவள் பார்த்தால் புரிந்துகொள்வாள், மஞ்சளைப் பார்த்தாலே, இடுப்புப் பேடைத் தொட்டாலே புரிந்துகொள்வாள், குளிருக்கா என்று கேட்பாள், ஆமாம்மா என்பார், போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவாள், அந்த மஞ்சளில் மலைப்பாதை வளைவில் அவள் திரும்புவது இங்கே கடை வாசலிலிருந்தே தெரியும், இதில் மிகை ஒன்றும் இல்லை, அவ்வளவு மஞ்சள். பக்கத்து சீட்டுக்காரர் பையைப் பார்த்துவிட்டு, “யாருக்குங்க?” என்றார். “என் வீட்டுக்காரிக்கு,” என்றார் மெத்தைக்காரர், அதற்கு மேல் சொல்லவில்லை, சொல்லாமலேயே நெஞ்சு நிமிர்ந்துகொண்டது, அது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. சரி, இடுப்பு வலி இப்போது எப்படி இருக்கும், போயிருக்கும், மழைக்காலம் போய் இத்தனை மாதமாகிறதே, போகாமல் இருக்குமா, வலப்பக்கம் திரும்பிப் படுக்க ஆரம்பித்துவிட்டாளே... ஆரம்பித்துவிட்டாளா, நேற்று எந்தப் பக்கம் படுத்திருந்தாள், அதற்கு முந்தின நாள், யோசித்துப் பார்த்தார், ஊரில் யார் வீட்டு மெத்தையில் யார் எந்தப் பக்கம் படுக்கிறார்கள் என்று குழியைப் பார்த்தே சொல்லக்கூடியவர், கண்ணை மூடி எவ்வளவோ யோசித்துப் பார்த்தார், நினைவுக்கு வரவில்லை.