பின்னந்தலை

உலகத்தில் இதுவரை தோன்றிய தலைகளிலேயே நேர்மையான தலை பெரியக்காவுடையது. இது புகழ்ச்சி இல்லை, அவளே சொன்னது. சம்பளப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தபோது கன்னங்கரேலென்று இருந்த அந்தத் தலை, மேனேஜர்கள் மாற மாற, ஒரு சொட்டுச் சாயம் காணாமலே வெளுத்து, இப்போது டியூப்லைட்டோடு போட்டி போட்டது.

"ஒவ்வொரு நரையும் ஒரு அனுபவச் சான்றிதழ்டி. எது எந்த மேனேஜர் குடுத்ததுன்னுகூடச் சொல்லிடுவேன்."

பிரிவில் மூன்றே பெண்கள். புதிதாகக் கல்யாணமான குட்டி, பள்ளிக்கூடம் போகும் பையனுக்கு அம்மாவான நடு, அப்புறம் இவள். பிரிவை மூடித் தலைமை அலுவலகத்தோடு சேர்க்கப்போகிறார்கள் என்றும், அங்கே ஒரு நாற்காலிதான் காலி என்றும் அறிவிப்பு வந்தது. திங்கட்கிழமை வீடியோவில் நேர்காணல். அவரவர் வீட்டிலிருந்தே பேசலாம்.

வெள்ளிக்கிழமை குட்டி மோதிரத்தைக் கழற்றிப் பர்ஸுக்குள் போட்டு, வெறும் விரலோடு உட்கார்ந்து பழகிக்கொண்டிருந்தாள்.

"என்னடி, புருஷனை டைவர்ஸ் பண்ணிட்டியா?" என்றாள் பெரியக்கா.

"நேர்காணல் முடியறவரைக்கும்தான்க்கா. கல்யாணம் ஆயிடுச்சுன்னு தெரிஞ்சா, அடுத்து பிரசவ லீவு எப்பன்னு கணக்குப் போடுவாங்க."

நடு, கேமராவில் படும் என்று பையன் சுவரில் ஒட்டியிருந்த படங்களை எல்லாம் கிழித்துவிட்டாளாம். அவள் தலையும் ஒரே ராத்திரியில் கறுத்திருந்தது.

"நீ என்ன, தலையைத் தார் டின்னுல முக்கிட்டு வந்தியா?"

"நாப்பது தாண்டினாலே ஓஞ்சுபோயிட்டோம்னு நெனைக்கிறாங்கக்கா."

"பின்னால யாரு பூசிவிட்டது?"

"அவர்தான். பின்னந்தலை நமக்கு எட்டாதுல்ல?"

"ஒருத்தி புருஷனை மறைக்கிறா. ஒருத்தி புள்ளையையும் வயசையும் சேர்த்து மறைக்கிறா. மறைக்க ஒண்ணுமில்லாதவ நான் ஒருத்திதான்!"

பெரியக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். மற்ற இருவரும் சிரித்தார்கள், கொஞ்சம் தாமதமாக.

சனிக்கிழமை தம்பி போன் செய்தான். அவளுடைய சம்பளத்தில் படித்து ஆளானவன்.

"வேலை போனா போகுதுக்கா. வாடகையை எப்படிக் கட்டுவே? பேசாம இங்க வந்துடு. வாஷிங் மெஷின் ரூம்ல ஒரு கட்டில் போட்டுடலாம்னு இவளும் சொல்றா."

"பார்க்கலாம்டா."

"ராத்திரில மெஷின் ஓடாதுக்கா," என்றான் பாசமாக.

போனை வைத்தபின் பெரியக்கா தன் ஒற்றை அறையைச் சுற்றிப் பார்த்தாள். சாவி அவளுடையது. விளக்கை எப்போது அணைப்பது என்பதும் அவள் இஷ்டம். நேர்காணலுக்கு ஒத்திகை பார்க்கலாமென்று கேமராவைத் திறந்தாள். பென்ஷன் கேட்டு வந்தவள் மாதிரி ஒருத்தி திரையில் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள், தெரிந்த முகம் இல்லாத கடையாகத் தேடிப் போனாள்.

"யாருக்கு மேடம்?"

"தம்பிக்கு."

குளியலறையில் பழைய துண்டைத் தோளில் போர்த்திக்கொண்டு பூச ஆரம்பித்தாள். முன்பக்கம் சமர்த்தாகக் கறுத்தது. காதோரமும் வம்பு செய்யவில்லை. பின்னந்தலை மட்டும் பிடிகொடுக்கவில்லை. கண்ணாடியைப் பிடித்தால் பிரஷ் நழுவியது. பிரஷைப் பிடித்தால் கண்ணாடி வேறெங்கோ பார்த்தது. கழுவித் துடைத்துவிட்டு, கையைப் பின்னால் வளைத்துப் போனில் ஒரு படம் எடுத்தாள். உள்ளங்கை அகலத்துக்கு நேர்மை அப்படியே மிச்சமிருந்தது.

நடுவின் எண்ணை அழுத்தினாள். மணி அடிப்பதற்குள் துண்டித்தாள்.

கிண்ணத்தில் பாதிச் சாயம் காய்ந்துகொண்டிருந்தது. பெரியக்கா நாற்காலியை இழுத்துச் சுவரோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள். கேமராவைத் திறந்து, தலையை மெல்ல இடப்பக்கம் திருப்பினாள், பிறகு வலப்பக்கம். எதுவரை திருப்பலாம் என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டாள்.