மஹ்ரூஸ் வடிகாலுக்குப் போட்ட மூடி

1

கையில் ரொட்டியைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்கிறேன்: இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. (ரொட்டி நேற்றையது. சத்தியம் இன்றையது.)

இந்தக் கதை எனக்குக் கூடையில் வந்தது. எகிப்தின் அலெக்சாந்திரியாவில், எங்கள் சந்தில், படி இறங்கச் சோம்பல்படுகிறவர்கள் மாடியிலிருந்து கயிற்றில் கூடையை விடுவோம். கடைக்காரர் ரொட்டியை வைப்பார், இழுத்துக்கொள்வோம். நவம்பரில் ஒரு நாள் இழுத்தபோது ரொட்டிக்கு மேல் ஒரு தாள் கிடந்தது. சந்தின் மேல்கோடியில் எழும்பிக்கொண்டிருந்த ஏழு மாடிக் கட்டடத்தின் தகரவேலியில் ஒட்டியிருந்ததைக் காற்று பிய்த்துப் போட்டிருக்கிறது. ‘மணல், சிமெண்ட், கட்டடக் கழிவு எதுவும் மழைநீர் வடிகாலில் விழக் கூடாது.’ அவ்வளவுதான். அரை ரொட்டி தின்று முடிப்பதற்குள் எனக்குக் கதை கிடைத்துவிட்டது.

2

முதலில் எழுதிய தொடக்கம்: கடலின் மேல் கருமேகங்கள் துயரத்தோடு—

மேகத்துக்கு என்ன துயரம்? விட்டுவிட்டேன்.

இரண்டாவது: மணல் என்பது காலத்தின் உதிர்ந்த—

மணல் என்பது மணல். ஒரு லாரி மணல், தெருவில் கொட்டியது, மூட வேண்டியது, மூடாதது. அதற்குப் பொறுப்பு மேஸ்திரி மஹ்ரூஸ். சந்தின் கீழ்க்கோடியில் வடிகாலின் வாய், மேலே இரும்புக் கம்பிச் சட்டம். அதற்கு நேர் எதிரே, தெருமட்டத்துக்கு ஏழு படி கீழே, உம்மு நக்லாவின், அதாவது நக்லாவின் அம்மாவின், வீடு. அவள் ஜன்னலில் நின்று பார்த்தால் ஊரின் செருப்புகள் தெரியும். யார் புதுச் செருப்பு வாங்கினாலும் முதலில் அறிபவள் அவள்தான்.

அந்த வீட்டில் நடக்க இடம் கிடையாது. மகள் நக்லாவுக்கு எட்டு வயதான நாளிலிருந்து சேர்த்த சீர்: குளிர்சாதனப் பெட்டி, அடுப்பு, கம்பளிகள், அட்டை பிரிக்காத தட்டுகள். வியாழக்கிழமை எல்லாவற்றையும் திறந்த வண்டிகளில் அடுக்கி, மேளத்தோடு மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். தெருவே எண்ணிப் பார்க்கும். ஒரு கம்பளி ஈரமாக இருந்தாலும் போதும், மாப்பிள்ளையின் அத்தை பேரப்பிள்ளை பிறக்கும்வரை அதைச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

இதுதான் தொடக்கம். மூன்றாவது முயற்சியில் சரியாக வந்தது.

3

எங்கள் ஊரில் குளிர்காலப் புயல்களுக்குப் பெயர் உண்டு, தேதியும் உண்டு. நவம்பர் பதினாறில் வருவதற்குத் ‘துடைப்பம்’ என்று பெயர். ஊர் அதை நம்பித்தான் துணி காயப்போடுகிறது. மஹ்ரூஸ் அதை நம்பித்தான் வேலை பார்த்தான்.

பத்தாம் தேதி பொறியாளர் தஹானி வந்தாள்.

“மஹ்ரூஸ், மணலைத் தார்ப்பாய் போட்டு மூடு. வடிகால் வாயைச் சுத்திச் சரளை மூட்டை அடுக்கு. நடுவுல இடைவெளி விடு. தண்ணி போகணும், மண்ணு நிக்கணும்.”

“துடைப்பம் பதினாறாந்தேதிதானே, எஞ்சினியரம்மா? பதினஞ்சு சாயங்காலம் அடுக்கிடறேன். இப்பவே அடுக்கினா கழுதை வண்டிக்காரன் மூட்டையத் தூக்கிட்டுப் போயிடுவான்.”

“மழைகிட்ட கையெழுத்து வாங்கி வச்சிருக்கியா?”

தரைமட்டத்து ஜன்னலிலிருந்து உம்மு நக்லாவின் குரல் வந்தது. “நல்லாக் கேளும்மா! என் வீட்டுக்குள்ள ஒரு சொட்டு வந்துச்சு, இந்தாளையே மடிச்சுச் சீர்வண்டியில வச்சு அனுப்பிருவேன்.”

“என் கழுத்து மேல ஆணை, உம்மு நக்லா. ஒரு சொட்டு வராது.”

“உன் கழுத்தை வச்சு நான் என்ன பண்றது? தட்டா கழுவ முடியும்?”

4

பதின்மூன்றாம் தேதி மதியம் வானம் கறுத்தது. தஹானி வேறொரு கட்டடத்தில் இருந்தாள். சரளை மூட்டை ஒன்றுகூடத் தயாரில்லை. மஹ்ரூஸ் கான்கிரீட் வார்க்கும்போது அடைப்புக்கு வைக்கும் ஒட்டுப்பலகை ஒன்றை எடுத்தான். வடிகால் வாயில் கவிழ்த்து, விளிம்பெல்லாம் சிமெண்ட் பூசினான். சட்டென்று இறுகும் சிமெண்ட்.

[இங்கே எழுதுவதை நிறுத்தினேன். முப்பது வருட மேஸ்திரி இப்படிச் செய்வானா? அவனை முட்டாளாக்கினால் கதை எளிது. ஆனால் மஹ்ரூஸ் முட்டாள் இல்லை. போன வருடம் அவன் கட்டிய இடத்தில் மணல் வடிகாலுக்குள் போனது. ஆய்வாளர் வந்து இருபது நாள் வேலையை நிறுத்தினார். குழாயைத் தோண்டியபோது இரண்டு வண்டி மணல், நாற்பது சிமெண்ட் பை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தன.* அன்றிலிருந்து மஹ்ரூஸின் மண்டைக்குள் ஒரே வாசகம்தான்: மணல் போகக் கூடாது.]

* நாற்காலியில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அப்படிச் சொல்கிறவர்கள் கதை கட்டுகிறார்கள்.

“பாத்துக்க, உம்மு நக்லா,” என்றான், கையைத் துடைத்தபடி. “இனி ஒரு துகள் மண்ணு உள்ள போகாது.”

“சரி. தண்ணி?”

“எந்தத் தண்ணி?”

“மழைத் தண்ணிடா! அது எது வழியாப் போகும்?”

மஹ்ரூஸ் பலகையைப் பார்த்தான். ஜன்னலைப் பார்த்தான். ஏழு படிகளைப் பார்த்தான்.

“தண்ணியப் பத்தி அந்தத் தாள்ல ஒண்ணும் போடலையே,” என்றான்.

முதல் துளி அவன் மூக்கில் விழுந்தது.

5

துடைப்பம் மூன்று நாள் முன்னதாகவே வந்துவிட்டது. மேல்கோடியில் மணல் குவியல் கரைந்து தேநீர் நிறத்தில் இறங்கியது. தண்ணீர் பலகை வரை வந்தது, சிறிது நேரம் நின்றது, பிறகு உம்மு நக்லாவின் படிகளில் விருந்தாளி மாதிரி இறங்கத் தொடங்கியது.

மஹ்ரூஸ் கடப்பாரையோடு ஓடினான். சிமெண்ட் அசையவில்லை; இனிப் பலகையையே உடைத்தால்தான் உண்டு. வாழ்நாளில் முதல்முறையாக அவன் பூச்சு விரிசல் விடாமல் நின்றது.

“உன் வீடு நாசமாப் போக! உடைடா!”

“உடைச்சா மணல் பூரா உள்ள போயிடும்! குழாய் அடைச்சா தெருவே குளமாயிடும். அப்புறம் உன் வீட்டுக்குப் படியே தெரியாது!”

“என் பொண்ணுக்கு வியாழக்கிழமைடா, மஹ்ரூஸ்!”

இந்த முறை அவள் திட்டவில்லை, கெஞ்சினாள். மஹ்ரூஸுக்கு அதுதான் தாங்கவில்லை. காலிச் சிமெண்ட் பைகளில் இரு கையாலும் சரளையை வாரி நிரப்பினான். ஒரு பையை வைத்தான். இரண்டாவதை வைத்தான். சுற்றி அடைக்கப் பன்னிரண்டு வேண்டும். தண்ணீர் நாலாம் படியில்.

6

முடிவுகள் சில கையிருப்பில் உள்ளன.

பன்னிரண்டு பையும் அடுக்கி முடிகிறது. பலகை உடைகிறது. மண் வெளியே நிற்கிறது, தண்ணீர் உள்ளே போகிறது. வியாழக்கிழமை மேளம். தஹானிக்குப் பிடித்த முடிவு இது. எனக்கு ரொம்பச் சுத்தமாக இருக்கிறது.

அல்லது, அவசரத்தில் முதலில் பலகை உடைகிறது, மணலில் குழாய் அடைக்கிறது. குளிர்சாதனப் பெட்டி மிதந்து படியேறி, சந்தைத் தாண்டி, கடற்கரைச் சாலைக்குப் போகிறது. மாப்பிள்ளையின் அத்தை அதைக் கண்டு, “சீர் முன்னாடியே வந்துருச்சே!” என்கிறாள். எனக்குப் பிடித்த முடிவு. ஆனால் சத்தியம் செய்திருக்கிறேன்.

அல்லது, சந்து முழுக்கப் படிகளில் வரிசையாக நின்று சீரைக் கைமாற்றி மாடிக்கு ஏற்றுகிறது. தட்டுகள் கடைக்காரர் வீட்டில், அடுப்பு என் கட்டிலில், நான் தரையில். அதற்கும் ஆட்கள் வந்துசேர நேரம் வேண்டும். அல்லது உம்மு நக்லா—

வேண்டாம். நானே முடித்துவிட்டால் பழி என் மேல் விழும், எனக்கு வயதாகிவிட்டது. கடப்பாரை மஹ்ரூஸின் கையில் இருக்கிறது. வைத்த பைகள் ஏழு. உம்மு நக்லா கம்பளிகளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். இப்போதே உடைப்பதா, இன்னும் ஐந்து பை வைப்பதா? நீங்கள் சொல்லுங்கள். சீக்கிரம். இதைப் படித்த நேரத்தில் தண்ணீர் ஆறாம் படிக்கு வந்துவிட்டது.

ஒரு தகவல் மட்டும் பாக்கி. எங்கள் சந்தில் மழைநீர் வடிகால் என்று ஒன்றை இதுவரை யாரும் தோண்டியதே இல்லை.